‘போயிட்டு வா’ என்று சொல்ல நின்ற எருக்கு

அந்தக் காலத்தில் நாய்க்கும் வேம்புக்கும் வாய் இருந்தது. மனிதருக்கு அதைக் கேட்கிற காது இருந்தது. காக்கை கூரையில் உட்கார்ந்து கரைந்தால் "யாரு வாரா?" என்று கேட்பார்கள், அதுவும் பெயர் சொல்லிப் பதில் சொல்லும். பிள்ளையார்கூட, ரொம்பக் கெஞ்சினால், ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை பேசுவார்.

அப்போது கரிசல் காட்டின் ஒரு கோடியில் கொன்னையூத்து என்று ஓர் ஊர் இருந்தது. பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. மேலத் தெருவில் பிள்ளை தும்மினால் கீழத் தெருவிலிருந்து "நூறு" என்று வாழ்த்துவார்கள், அவ்வளவுதான் ஊர். முன்னொரு கோடையில் ஆடு மேய்த்து வந்த ஒருவன், தன் கிடாய் ஒரு கொன்றை மரத்தடியை விட்டு நகராமல் காலால் மண்ணைப் பறிப்பதைப் பார்த்தான். அந்த இடத்தைக் கையால் தோண்டினான். ஊற்று கிளம்பியது. குடித்துப் பார்த்தால் இளநீர் தோற்றது. ஆட்டுக்குப் பின்னால் வந்தவன் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். அவனுக்குப் பெண் கொடுத்தவர்கள் வந்தார்கள். அவர்களிடம் பெண் எடுத்தவர்கள் வந்தார்கள். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் அடுத்த மனையிலேயே வீடு கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊர் அப்படித்தான் உண்டாகிறது. ஊற்றை ஒட்டிய ஊருணிக் கரையில் ஒரு பிள்ளையாரையும் உட்கார வைத்தார்கள். கூரை போட்டால் வேர்க்கிறது என்று கனவில் வந்து சொல்லிவிட்டாராம். வெயிலிலேயே இருந்தார்.

கொன்னையூத்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டை விட்டுக் காலை எடுத்து வைக்கிறவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே அதோடு முடியாது. நிற்கிறவர் ஒருவர் "போயிட்டு வா" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் கால் நகரும். சந்தைக்குப் போனாலும் அப்படித்தான், காட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பதில் கேட்காமல் ஊர் எல்லையைத் தாண்டுகிறது பிணம் ஒன்றுதான் என்பது அவர்கள் எண்ணம். பாடையைப் பார்த்து யாரும் "வா" என்று சொல்வதில்லையே.

சோலையன் என்று ஒருவன் இருந்தான், கேலிக்காரன். காலையில் செம்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கப் போகும்போதுகூட வாசலில் நின்று, "ஏ புள்ள, போயிட்டு வாரேன்" என்று குரல் கொடுப்பான். அவன் பெண்டாட்டி உள்ளே இருந்தபடி, "போயிட்டு வாங்க, அங்கயே குடியிருந்துறாம வாங்க" என்பாள். தெருவே சிரிக்கும். ஆனால் அந்தப் பதில் வராமல் சோலையன் ஒருநாளும் நகர்ந்ததில்லை.

ஊருக்குள் நுழைகிற பாதையில் முதல் வீடு சீனித்தாய் வீடு. சோலையனுக்கு அவள் அண்ணன் பெண்டாட்டி. அந்த அண்ணன், சீனித்தாயின் புருஷன், ஒரு விடியலில் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தூரத்துச் சந்தைக்குப் புறப்பட்டான். கைக்குழந்தை இரவெல்லாம் அழுது அப்போதுதான் கண் அயர்ந்திருந்தது. சீனித்தாயும் அசந்து கிடந்தாள். எழுப்ப மனம் வரவில்லை அவனுக்கு. தூங்கட்டும் என்று சொல்லாமல் போய்விட்டான். போனவன் போனவன்தான். ஆறு இழுத்ததா, கள்ளர் அடித்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. ஊர் ஒன்று மட்டும் சொன்னது: "பதில் வாங்காமப் போயிட்டானே."

அன்றிலிருந்து சீனித்தாய் கோழிக்கு முன்னால் எழுந்துகொள்வாள். ஊரை விட்டு வெளியே போகிற யாரும் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும், எவர் போனாலும், தலையை நீட்டி, "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவாள். அவள் சொல்லி அனுப்பியவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அவள் வாய் ராசியான வாய் என்று பெயர் வந்தது. அந்த ராசிக்குப் பின்னால் எத்தனை தூக்கம் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நாலு பேர் நிம்மதியாகப் போய் வர, ஒருத்தர் முழித்திருக்க வேண்டியிருக்கிறது. உலகம் அப்படி.

பிறகு வானம் பொய்த்தது. ஒரு வருஷம் பொறுத்தார்கள்; அடுத்த வருஷம் ஊற்றைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர் கீழே போயிற்று. அதற்கும் கீழே தோண்டினார்கள். ஒருநாள் வாளியில் வந்த தண்ணீரை வாயில் வைத்த பெண்கள் அப்படியே துப்பினார்கள். உப்பு. மழைக்காரி அம்மனைக் கும்பிட்டார்கள், கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். கழுதை குடும்பம் நடத்தியது, மழை வரவில்லை.

கிழக்கே, ஆற்றங்கரையில் இருக்கிற ஓர் ஊர்க்காரர்கள், "தரிசு கிடக்கு, வந்து உழுதுக்கோங்க" என்று ஆள் அனுப்பினார்கள். அவர்கள் நல்லா இருக்கணும். கொன்னையூத்து கூடிப் பேசியது. பேச அதிகம் இல்லை. குடம் காலியாக இருக்கும்போது பேச்சும் குறைந்துவிடுகிறது. போய்விடுவது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு குடும்பமாக வண்டி கட்டியது. ஒவ்வொரு குடும்பமும் சீனித்தாய் வாசலில் வண்டியை நிறுத்தி, "போயிட்டு வாரோம்" என்றது. அவள், "போயிட்டு வாங்க" என்றாள். எல்லாருக்கும் அவள் வாய்ச்சொல்தான் வேண்டும். அவள் போன பிறகு போக ஒருவரும் தயாரில்லை.

அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த அவள் மகள் பூவாயிக்கு இப்போது நிறைமாதம். மருமகன் கருத்தப்பாண்டி வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் கிழிசல் போர்வையை விரித்து அவளை ஏற்றிவிட்டான்.

"அத்தே, நீங்களும் ஏறுங்க. ஊருக்கெல்லாம் சொன்னது போதும்."

"இன்னும் நாலு வீடு நிக்கிதே மாப்ள. அவுகளை அனுப்பிட்டுப் பின்னாலயே வந்துர்றேன்."

"எனக்கு வலி எடுத்தா?" என்றாள் பூவாயி. "நீ வந்து சேர்ற வரைக்கும் பொறுத்துக்கோன்னு வயித்துக்குள்ள இருக்கிற உம் பேரன்கிட்டச் சொல்லிரவா?"

"பேரனா பேத்தியான்னு நீ உள்ள போயிப் பாத்தியாக்கும்? வாயைக் கட்டிட்டுப் போ தாயி. நான் வந்துருவேன்."

பூவாயி வண்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "போயிட்டு வாரேம்மா."

"போயிட்டு வா தாயி."

வண்டி போயிற்று. வண்டியோடு குருவிகளும் போயின. தானியம் புடைக்கிற முறம் எங்கேயோ, அங்கேதான் எங்கள் ஊர் என்று ஒரு குருவி நுகத்தடியில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டுப் போயிற்று. அது சொல்வதும் நியாயம்தான்.

கடைசியாக நின்றது சோலையனும் அவன் பெண்டாட்டியும். சோலையன் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"மதினி, ஒரு சந்தேகம். நாம இங்க திரும்பி வரப்போறது இல்ல. அப்புறம் என்னத்துக்கு 'வாரேன், வாரேன்'னு பொய் சொல்றது?"

"சொல்லிட்டுப் போங்க கொழுந்தனாரே. வாரதும் வராததும் பிறகு."

"சரி, சொல்றேன். போயிட்டு வாரேன், போதுமா? இன்னொரு சந்தேகம். எல்லாருக்கும் நீ சொல்லிட்ட. உனக்கு யாரு சொல்லுவா?"

அது சீனித்தாய்க்கும் முந்தின நாளே தட்டுப்பட்டிருந்தது.

"அப்ப ஒண்ணு செய்வோம்" என்றான் சோலையன். "நீ முன்னால போ. நான் நின்னு சொல்றேன்."

"அப்புறம் உங்களுக்கு?"

"எம் பொண்டாட்டி சொல்லுவா."

"அவளுக்கு?"

சோலையன் பெண்டாட்டி, "எனக்கு இந்த மனுசன் சொல்லாம இருந்தாலே நான் நல்லாப் போய்ச் சேருவேன்" என்றாள். சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோயிற்று.

"எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து புறப்படுவோம்" என்றான் சோலையன். "வழியில நான் உனக்குச் சொல்றேன், நீ எனக்குச் சொல்லு."

"போறவுக போறவுகளுக்குச் சொல்லலாமா? நிக்கிறவுகதான் சொல்லணும். கிளம்புங்க. பிள்ளையார் இருக்காரு, வேம்பு இருக்கு, நாய் இருக்கு. எனக்குச் சொல்ல ஆளா இல்ல? போயிட்டு வாங்க."

அவன் வண்டி தூசிக்குள் மறைகிற வரை நின்று பார்த்தாள். பிறகு ஊரைத் திரும்பிப் பார்த்தாள். கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு வீட்டில் உரல் மட்டும் வாசலில் கிடந்தது. கனம் தாங்காது என்று விட்டுப் போயிருந்தார்கள். கொன்னையூத்தில் அவளைத் தவிர ஆள் இல்லை.

வழிக்கென்று குதிரைவாலிக் கஞ்சி ஒரு கலயத்தில் வைத்திருந்தாள். ஊரில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரெல்லாம் அந்தக் கஞ்சியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு எல்லைக் கல் வரைக்கும் நடந்தாள். கால் நின்றுவிட்டது. எடுத்துவைக்கப் பார்த்தாள். வரவில்லை. சொல்லாமல் போன அவள் புருஷன் இந்தக் கல்லைத் தாண்டித்தான் போயிருந்தான்.

வாசலில் கிடந்த நாயைக் கூப்பிட்டாள். "ஏ செவலை, எனக்கு ஒரு 'போயிட்டு வா' சொல்லேன்."

நாய் வாலை ஆட்டியது. "நான் உன் கூடத்தான் வருவேன். உன்னை அனுப்பிட்டு நான் நிக்கிறதா? நாய்க்கு அது முடியாத காரியம்."

"ஒருநாளாச்சும் நான் சொன்னதைக் கேட்டியா நீ?"

"நீ போன்னு சொன்னா மட்டும் கேக்க மாட்டேன். மத்ததெல்லாம் கேப்பேன்."

வேம்பிடம் போனாள். இலை பாதி உதிர்ந்து நின்றது அது. "சீனித்தாயி, என் வேர் உப்பைத் தொட்டுருச்சு. இந்த வருஷமோ அடுத்த வருஷமோ. சாகப்போற வாயால உன்னை 'வா'ன்னு கூப்பிடலாமா? நான் போற இடத்துக்கு நீ வந்துட்டா என்ன செய்யறது?" என்றது. பேசும்போதே இரண்டு இலை விழுந்தன.

பிள்ளையாரிடம் போனாள். தேங்காய் இல்லை, பூ இல்லை. வெறுங்கையைக் கூப்பி நின்றாள்.

"அப்பனே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுமய்யா. மக நிறைமாசமா வழியில போறா."

பிள்ளையார் "எனக்கும் ஆசைதான். நான் 'போ'ன்னு சொன்னா அது கட்டளையாப் போகும். 'வா'ன்னு சொன்னா வரமாப் போகும். வரம் குடுத்தா மழையும் குடுக்கணும். அது என் கையில இல்ல. இது சாமி சொல்ற வார்த்தை இல்ல தாயி. நீ போனா உன்னைத் தேடுற ஒருத்தர் சொல்லணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் காக்கை ஒன்று கிழக்கேயிருந்து வந்து பிள்ளையார் தலையிலேயே உட்கார்ந்தது.

"சீனித்தாயி! உம் மகளுக்கு வலி எடுத்துருச்சு. பனங்காட்டுப் புளியமரத்தடியில வண்டியை அவுத்துட்டாக. அம்மா அம்மான்னு கத்துறா. உன் மாப்ள என்ன செய்யறதுன்னு தெரியாம மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கான்!"

சீனித்தாய் ஓடினாள். எல்லைக் கல் வரை ஓடினாள். அங்கே மறுபடியும் கால் நின்றுவிட்டது. தாண்டினால், பதில் வாங்காத கால் மகளிடம் போய்ச் சேராது என்ற பயம். நின்றால், மகள் தனியாகக் கிடக்கிறாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எனக்குச் சொல்ல இந்த ஊருல ஒரு சீவன் இல்லையா?" என்று கத்தினாள்.

"நான் சொல்லட்டுமா?"

குரல் அவள் வீட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தாள். எருக்கஞ்செடி. அந்தக் காலத்து எருக்கு இன்றைக்கு நாம் பார்க்கிற எருக்கு அல்ல. முழங்கால் உயரம் தாண்டாது. இலை மெல்லிசாகப் பச்சையாக இருக்கும். கிள்ளினால் மற்றச் செடிகளைப் போல வெறும் தண்ணீர் கசியும். ஆடுகளுக்கு அது என்றால் உயிர். துளிர்க்கத் துளிர்க்கத் தின்றுவிட்டுப் போகும். அதைச் செடி என்று மதித்து ஒருவர் பார்த்ததில்லை.

"நீயா?"

"ஏன், நான் சொன்னா பலிக்காதா?" என்றது எருக்கு. "ஆடு தின்ன இடத்துல எல்லாம் நான் மறுபடி எப்படித் துளிர்த்தேன்னு நினைச்ச? நீ சட்டி கழுவி ஊத்துன தண்ணியில. எனக்குன்னு நீ ஊத்தலை, எனக்குத் தெரியும். ஆனாலும் என் வேருக்குத்தான் வந்துச்சு. நீ போயிட்டா நான் உன்னைத் தேடுவேன் தாயி. பிள்ளையார் சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

சீனித்தாய் செடிக்கு முன்னால் குனிந்தாள். "பாத்துப் பேசு. 'போயிட்டு வா'ன்னு சொன்னா நின்னாகணும். நான் வர்ற வரைக்கும் நிக்கணும். மழை இல்ல, தண்ணி ஊத்த ஆள் இல்ல, பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்ல. சாகவும் கூடாது. உன்னால முடியுமா?"

"முடியுமான்னு நின்னு பாத்தாத்தானே தெரியும்."

அவள் கலயத்தைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். பிறகு கலயத்தைச் சாய்த்து, கஞ்சி முழுவதையும் அதன் வேரில் ஊற்றினாள். வெள்ளை வெளேரென்ற கஞ்சி. கொஞ்சம் இலைகளிலும் தெறித்தது.

எருக்கு பதறிப்போயிற்று. "ஐயையோ, வழிக்கு வச்சிருந்ததையா? வெயில் கொளுத்துதே!"

"எனக்கு வழியில யாராச்சும் தருவாக. உனக்கு யாரு தருவா?" அவள் திரும்பி ஓடிப்போய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். "இந்தா பாரு, இனி குப்பைமேட்டுல கிடக்காத. உள்ள வந்து இரு. அடுப்படியில இரு, முத்தத்துல இரு, எங்க இஷ்டமோ அங்க இரு. உன் வீடுன்னு இருந்துக்கோ. நான் போயிட்டு வாரேன்."

எருக்கு நிமிர்ந்தது. அதுவரைக்கும் அது யாருக்கும் எதுவும் சொன்னதில்லை.

"நல்லபடியாப் போயிட்டு வா தாயி."

கால் எழுந்தது. எல்லைக் கல்லை அவள் எப்போது தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. செவலை முன்னால் ஓடியது. புளியமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பூவாயி கடைசி வலியில் இருந்தாள். சீனித்தாய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில், வண்டி வைக்கோல்மேல், ஒரு பெண் குழந்தை விழுந்து அழுதது. தாயும் பிள்ளையும் சுகம். கருத்தப்பாண்டி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகுதான் சீனித்தாய்க்குத் தாகம் தெரிந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. பனங்காட்டுக்காரி ஒருத்தி, முன்பின் தெரியாதவள், ஒரு பனையோலைப் பட்டை நிறையப் பதநீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஆற்றங்கரையில் வாழ்க்கை பிடித்துக்கொண்டது. புது வீடு, புது உழவு. பேத்தி தவழ்ந்தாள், நின்றாள், நடந்தாள். ஒருநாள் சீனித்தாய் கலயத்தில் கஞ்சி ஊற்றித் துணியால் வாயைக் கட்டினாள்.

"எங்க மதினி?" என்றான் சோலையன்.

"ஊருக்கு. வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேனே."

"யார்கிட்ட? அந்தக் குப்பைமேட்டுச் செடிகிட்டயா?" அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அது எந்த ஆட்டு வயித்துல போயிப் புழுக்கையாக் கிடக்கோ!"

"புழுக்கையாக் கிடந்தாலும் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வாரேன்."

சோலையன் சிரித்துக்கொண்டேதான் துண்டை உதறித் தோளில் போட்டான். "தனியாப் போவியா? நானும் வாரேன். என் உரலைப் பாக்கணும்."

வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தவன், எல்லைக் கல் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டான். கூரைகள் விழுந்திருந்தன. சுவர்கள் மழையே இல்லாமல் எப்படிக் கரைந்தன என்று தெரியவில்லை; ஆள் இல்லாத சுவர் தானாகவே கரைந்துவிடும் போலிருக்கிறது. வேம்பு பட்டுப்போய் நின்றது. ஆனால் சுவர்களுக்கு மேலே, ஒவ்வொரு வீட்டுக்கு மேலேயும், சாம்பல் பூத்த பச்சையாக ஏதோ ஒன்று தலை நீட்டி நின்றது. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

சோலையன் தன் வீட்டை எட்டிப் பார்த்தான். நடுவீட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு எருக்கு. "ஏய், எவன்டா என் வீட்டுக்குள்ள குடியிருக்கிறது?" என்று அதட்டினான்.

"வந்துட்டியா சோலையா?" என்றது எருக்கு. "நீதான் உன் மதினி வாசல்ல நின்னு 'வாரேன்'னு சொல்லிட்டுப் போனியே. வந்தா வீட்டுல ஒருத்தர் இருக்கணும்ல."

"அடப்பாவி, நான் சும்மா சொன்னேன்."

"எனக்குச் சும்மா கேட்டுக்கத் தெரியலையே."

சோலையன் வாசலில் உட்கார்ந்துவிட்டான். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். வெயிலாக இருக்கும் என்று சீனித்தாய் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவள் தன் வீட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கேதான் பெரியது நின்றது. ஊரார் ஒவ்வொருவரும் "வாரோம்" என்று சொன்னதை அது கேட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் பிள்ளை ஒன்றை அனுப்பிவிட்டு, இந்த வீட்டில் தானே இருந்தது. தெறித்த கஞ்சி இலைகளில் மாவு பூசினாற்போல அப்படியே வெளுத்துக் கிடந்தது.

"தாயி, குழந்தை?"

"பொட்டப்புள்ள. ஓடித் திரியிறா. நீ சொன்ன வார்த்தையில பிறந்தவ."

எருக்கு ஓர் இலையை அவள் பக்கம் சாய்த்தது. "இதைக் கிள்ளு. உன் பங்கு இருக்கு."

கிள்ளினாள். வெள்ளை வெளேரென்று பால் வடிந்தது. அவள் ஊற்றிய கஞ்சியின் நிறம்.

"குடிக்கலையா நீ?" என்றாள், நம்ப முடியாமல்.

"எப்படிக் குடிப்பேன்? வழிக்கு வச்சதை எடுத்து ஊத்துன. திரும்பி வரும்போது தாகமா வருவியேன்னு உடம்புல பத்திரப்படுத்தி வச்சேன். வெளியூர் ஆடெல்லாம் வந்துச்சு. கேட்டுச்சு. இது ஒருத்தியோட பங்குன்னு சொன்னேன். கேக்காமக் கடிச்ச கிடாய் ஒண்ணு வாய் வெந்து ஓடிப்போச்சு. அதுக்கப்புறம் எந்த ஆடும் வாய் வைக்கிறதில்ல." அதன் குரல் தாழ்ந்தது. "ஆனா தாயி, வெயில்ல ரொம்ப நாள் இருந்துருச்சு. கசந்து போச்சு. நீ இப்ப குடிக்காத. உனக்கு ஆகாது. கெடாம வச்சிருக்க எனக்குத் தெரியலை."

சீனித்தாய் அந்த இலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சொல்லாமல் போன புருஷனுக்காக அழாத அழுகையெல்லாம் அப்போது வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். "கசந்தா என்னய்யா. எனக்குன்னு ஒருத்தர் எடுத்து வச்சது இதுதான்." கொண்டுவந்த கலயத்தை அவிழ்த்து அதன் வேரில் ஊற்றினாள். இந்தத் தடவை அது குடித்தது.

கிளையில் கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. "இதுல கொஞ்சம் பறிச்சுக்கிறேன்" என்று கேட்டுப் பறித்து, நாரில் தொடுத்து, ஊருணிக் கரைக்குக் கொண்டுபோனாள். ஊர் போன நாளிலிருந்து பூவே பார்க்காத பிள்ளையார் கழுத்தில் போட்டாள்.

"நான் சொல்ல முடியாததைச் சொன்ன செடி" என்றார் பிள்ளையார். "இனி எனக்கு வேற பூ இல்லேன்னாலும் இது போதும்."

புறப்படும்போது எருக்கு கேட்டது: "மத்தவுகல்லாம் எப்ப வாராக?"

சீனித்தாய்க்குப் பொய் சொல்ல வரவில்லை. "சிலரு ஆத்தங்கரையில இருக்காக. சிலரு அங்கயிருந்தும் போயிட்டாக. எந்த ஊரு, என்ன ஊருன்னு தெரியலை. அவுக போற இடத்துலயும் நாளைக்கு ஊத்து வத்தினா இன்னும் எங்கயோ. இப்படி வீட்டை விட்டுட்டுப் போறவுக உலகத்துல நிறைய இருக்காக போல."

"அந்த வீடுகள்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

எருக்கு யோசித்தது. அப்போதே அதன் காய் ஒன்று வெடித்தது. உள்ளேயிருந்து பட்டு மாதிரிப் பஞ்சு விரிந்து, ஒவ்வொரு பஞ்சும் ஒரு விதையைக் கட்டிக்கொண்டு, சுவரைத் தாண்டிக் காற்றில் ஏறியது. சோலையன் அண்ணாந்து பார்த்தான்.

"மதினி, இது சரிவராது. ஊரு உலகத்துல உள்ள காலி வீட்டுக்கெல்லாம் இது காவல் இருக்கப் போகுது. சனங்க என்ன சொல்லுவாக தெரியுமா? வீட்டுல எருக்கு முளைச்சிருச்சு, குடி கெட்டுப் போச்சும்பாக. சண்டை வந்தா 'உன் வீட்டுல எருக்கு முளைக்க'ன்னு சாபம் விடுவாக."

"விட்டா விடட்டும்" என்றது எருக்கு. "அவுகளும் ஒருநாள் புறப்படுவாகல்ல. அப்பச் சொல்ல ஆள் வேணும்ல."

சோலையன் எல்லைக் கல்லருகே போய் நின்று, திரும்பி, கேலி இல்லாத குரலில், "போயிட்டு வாரோம்" என்றான்.

"போயிட்டு வாங்க" என்றது ஒவ்வொரு வீட்டிலிருந்தும்.

அன்று முதல்தான் ஆள் போன வீட்டைத் தேடி எருக்கு வருகிறது. மழையில்லாத மண்ணிலும் நிற்கிறது. பிறருடைய பங்கைப் பாலாக வைத்துக்கொண்டு ஆட்டை அண்டவிடாமல் காக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியபின், உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும், நம் பெண்கள் கதவைப் பார்த்து "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு நடப்பதும் அன்று முதல்தான்.